புறநகரில் மனை வாங்குவோர் செய்யும் தவறுகள்: ஒப்புதல் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்து வேனில் அழைத்துச் சென்று, பந்தலில் உட்காரவைத்து, சாப்பாடும் போட்டு மனை காட்டும் வழக்கம் சென்னையின் தெற்குப் புறநகரில் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனதும், 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும் அந்த வேன்களின் எண்ணிக்கையைக் கூட்டின. சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022ல் அரசு ஆணை பிறப்பித்த பிறகு, நேற்றுவரை ஏர் ஓடிய ஊர்களிலும் சுண்ணாம்புக் கோடு போட்ட மனைகள் தென்படுகின்றன. பந்தலில் அமர்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், ‘சிஎம்டிஏ அப்ரூவலா, டிடிசிபி அப்ரூவலா?’ என்பதுதான். கேள்வி சரியானதே. அதற்குக் கிடைக்கும் பதிலோடு விசாரணையை முடித்துக்கொள்வதிலிருந்தே தவறுகள் தொடங்குகின்றன. மனை தொடர்பான ஒவ்வொரு காகிதமும் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். அடுத்த கேள்வியை அதனிடம் கேட்டால் அது மௌனமாகத்தான் இருக்கும்.

ஒப்புதல் என்பதன் பொருளைப் பார்ப்போம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ (சிஎம்டிஏ) நகர் ஊரமைப்பு இயக்ககமோ (டிடிசிபி) ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருகிறது என்றால், சாலைகளின் அகலம், மனைகளின் அளவு, பொதுவுக்கான இடம் ஆகியவை திட்ட விதிகளின்படி அமைந்துள்ளன என்று அது சொல்கிறது. நிலம் யாருடையது என்ற வழக்கை அது தீர்த்துவைப்பதில்லை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கப்பட்ட மனைகளின் கதை இன்னும் மோசம். மனைப்பிரிவுக்குத் திட்ட ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. ஒப்புதல் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, வாழ்நாள் சேமிப்பை அந்த மனைகளில் போட்டிருந்த குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் திகைத்து நின்றன. அதன்பின், ஒப்புதல் பெறாத பழைய மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்த 2017ல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20ஐ வரம்பு நாளாக வைத்தன. எனவே பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குகிறவர், அது வரன்முறை செய்யப்பட்டதா என்பதற்கான ஆணையைக் கண்ணால் பார்க்க வேண்டும். ‘கட்டணம் கட்டியாயிற்று’ என்ற வாய்ச்சொல் போதாது.

ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மனைப்பிரிவைச் சுற்றி நடப்பவர்கள் மிகக் குறைவு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். சாலைகளையும் அந்த இடத்தையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் தரையில் மனைக்கல் நட்டிருந்தால், அந்தக் கல்லுக்கு எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்கக்கூடாது.

உரிமை தனி விவகாரம். பட்டா பெயர் மாறியிருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது பலருடைய வழக்கம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு; அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வில்லங்கச் சான்று பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையோ, பாகம் கேட்காமல் வெளியூரில் இருக்கும் சகோதரியையோ காட்டாது. பத்திரம் பதிவாகிவிட்டதே என்ற தைரியமும் உதவாது. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று கூறி, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் ஒன்றான 55-ஏ(1)ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று அறிவித்தது. அதிகாரப் பத்திரத்தை (பவர் பத்திரத்தை) மட்டும் நம்பிப் பணம் கொடுப்பவர்கள், அத்தகைய ஆவணம் உரிமையைக் கைமாற்றாது என்று அதே நீதிமன்றம் 2011லேயே தெளிவுபடுத்தியதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே தாய்ப்பத்திரம் எனப்படும் மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள தொடர்ச்சியை, நிறுவனம் பரிந்துரைக்காத ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படிக்கச் சொல்வதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கக்கூடாது.

இந்த இடத்தில் செங்கல்பட்டுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இன்றைய தெற்குப் புறநகரின் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி 1891ல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892ல் அரசு முடிவெடுத்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது இதுவே. நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட அந்த நிலத்தைப் பிற சமூகத்தவருக்கு விற்க முடியாது. எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை கூடவே வரும். ஒவ்வொரு சர்வே எண்ணின் நிலவகையைக் காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் பழைய நில ஒப்படைப் பதிவுகளையும் பார்க்காமல் வாங்குகிறவர் தன் பணத்தை மட்டும் பணயம் வைக்கவில்லை, இன்னொருவருக்கு வரலாறு கொடுத்த சிறு துண்டு மண்ணையும் பறிப்பதில் பங்கு பெறுகிறார். கோயில் நிலம், வக்ஃப் நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

எந்தக் காகிதத்திலும் முழுமையாக வராத விஷயம் தண்ணீர். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பின் நாராயணபுரத்துக்கும், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் அருகே கடலில் கலக்கும். ஏரி ஏரியாகக் கைமாறும் இந்த நீருக்கு வாய்க்கால் வேண்டும், மழைக்காலத்தில் பரந்து நிற்க இடமும் வேண்டும். பள்ளிக்கரணையின் 1,248 ஹெக்டேர் 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது; ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சதுப்பின் ஓரங்களில் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் படகு ஓடியதும் நமக்குத் தெரிந்தவைதான். தாங்கல், ஏரி, கரணை என்று ஊரின் பெயரே எச்சரித்தாலும், ‘அது அந்தக் காலம்’ என்று சிரித்துக்கொண்டே அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

இங்கே செய்யப்படும் தவறு, மார்ச் மாத வெயிலில் மனை பார்ப்பது. நில எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தை வாங்கிப் பக்கத்துச் சர்வே எண்களில் வாய்க்கால், ஓடை, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் எதுவும் வரையப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிஎம்டிஏவின் 2008ஆம் ஆண்டு முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த எண்ணுக்கு என்ன நிலப்பயன்பாடு குறிக்கப்பட்டுள்ளது என்றும் பார்க்க வேண்டும். செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் பகுதியிலும் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பிறகு, நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமோ டீக்கடையிலோ ‘எதுவரை ஏறும்?’ என்று கேட்டால் போதும். விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை அவர்கள் கையை உயர்த்திக் காட்டிவிடுவார்கள்.

பணம் கொடுக்கும் முறையிலும் அவசரம் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளாகவோ அமையும் திட்டத்தை, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதையும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து ஏற்படுத்தும் சுமையை வங்கிக் கடன் கணக்கில் சேர்க்காமல், கடைசி வாரத்தில் நகையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு வீடு கட்டும்போது நேரும் பிழை ஒன்றும் உண்டு. மனைப்பிரிவின் மண் சாலையை அளவுகோலாக வைத்து பேஸ்மட்டத்தின் உயரத்தை முடிவு செய்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சாலை போடப்படும், அதன்மேல் மீண்டும் போடப்படும். ஒவ்வொரு முறையும் சாலை உயர, வாசற்படி தாழ்ந்துகொண்டே போகும். தெருவிலேயே பழைய வீடு எதுவென்று பார்த்து, அதன் வாசல் இப்போது சாலையிலிருந்து எத்தனை அடி கீழே இருக்கிறது என்று மேஸ்திரியுடன் நின்று அளந்துவிட்டுக் கடைக்கால் தோண்டலாம்.