தீர்வை மாறும்போது யாருடைய சந்தை யாரிடம் போகிறது: கணித்துப் பார்க்கும் முறை

ஒரு நாடு இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது என்றோ, மற்றொரு நாட்டுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது என்றோ செய்தி வரும்போது, அந்த இரண்டு நாடுகளை மட்டும் பார்த்து விளைவைக் கணித்துவிட முடியாது. கையெழுத்திடாத மூன்றாவது நாடு ஒன்று தன் வாடிக்கையாளரை இழந்திருக்கும், அல்லது எதிர்பாராத வாடிக்கையாளரைப் பெற்றிருக்கும். அந்த மூன்றாவது நாட்டைக் கண்டறியும் முறையைச் சிங்கப்பூரில் பொருளியல் படிக்கும் மாணவர்களுக்கும் சிறிய ஏற்றுமதி, இறக்குமதித் தொழில் நடத்துவோருக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

முதலில் பொருளைத் துல்லியமாக வரையறுத்துக்கொள்ளுங்கள். தீர்வை, ஒவ்வொரு பொருள் வகைக்கும் தரப்பட்டுள்ள குறியீட்டு எண்ணை வைத்தே விதிக்கப்படுகிறது. உலகச் சுங்க அமைப்பின் வகைப்பாட்டில் முதல் 6 இலக்கங்கள் அதைப் பின்பற்றும் நாடுகள் அனைத்துக்கும் பொது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பு நாடுகள் அதை 8 இலக்கங்களாக விரித்துப் பயன்படுத்துகின்றன.

அடுத்து, இறக்குமதி செய்யும் நாடு அந்த எண்ணுக்கு எல்லாருக்கும் பொதுவாக விதிக்கும் விகிதத்தையும், ஒப்பந்த நாட்டுக்குத் தரும் சலுகை விகிதத்தையும் எடுத்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். வணிகத்தைத் திசைதிருப்புவது இந்த இடைவெளிதான். பொது விகிதமே சுழியமாக இருந்தால் சலுகைக்கு வேலை இல்லை. மதுபானம், புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகிய நான்கு வகைகளைத் தவிர வேறு பொருள்களுக்குச் சிங்கப்பூர் தீர்வை விதிப்பதில்லை. ஆகவே இந்தியாவுடனான விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு 2005 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்தபோது, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கு வரும் அரிசியிலும் பருப்பிலும் குறைப்பதற்குத் தீர்வை எதுவும் இருக்கவில்லை. இப்போதைய 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியும் எந்த நாட்டுச் சரக்கு என்று பார்த்து விதிக்கப்படுவதன்று. ஒப்பந்தத்தின் விளைவை நம் கடைகளில் தேடுவதைவிட, மறுதரப்பு நாட்டின் துறைமுகத்தில் தேடுவதே சிங்கப்பூருக்குப் பொருந்தும் வழி.

இடைவெளி தெரிந்தபின் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு பொருளை ‘அ’ நாடு 100 வெள்ளிக்கும் ‘ஆ’ நாடு 108 வெள்ளிக்கும் தருவதாகவும், தீர்வை 20 விழுக்காடு என்றும் கொள்வோம். இருவருக்கும் ஒரே தீர்வை இருக்கும்வரை விலைகள் 120, 129.60 என்று அமைவதால் வாங்குபவர் ‘அ’ நாட்டிடமே செல்வார். ‘ஆ’ நாட்டுக்கு மட்டும் விலக்குக் கிடைத்த நாளில் அதன் விலை 108 ஆகிவிடும். வாங்குபவர் அங்கே மாறுவார். அவருக்கு 12 வெள்ளி மிச்சம், அவருடைய அரசாங்கத்துக்கு 20 வெள்ளி இழப்பு. திறமையாக உற்பத்தி செய்த ‘அ’ நாடு, எந்தத் தவறும் செய்யாமலேயே சந்தையை இழக்கிறது. ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் 1950ஆம் ஆண்டில் தெளிவுபடுத்திய இந்த வணிகத் திசைமாற்றத்தை, ஒப்பந்தங்களைப் புகழ்ந்து பேசுவோர் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை.

நியூசிலாந்து இதை அனுபவித்த நாடு. அதன் வெண்ணெய்க்கும் ஆட்டிறைச்சிக்கும் பிரிட்டன்தான் முதன்மைச் சந்தையாக இருந்தது. 1973ஆம் ஆண்டில் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளியல் சமூகத்தில் சேர்ந்ததும், ஐரோப்பியப் பண்ணைகள் தீர்வை வேலிக்கு உள்ளேயும் நியூசிலாந்து வெளியேயும் நின்றன. பின்னர் அது 1983இல் ஆஸ்திரேலியாவுடனும் 2001இல் சிங்கப்பூருடனும் 2008இல் சீனாவுடனும் ஒப்பந்தங்களை நடப்புக்குக் கொண்டுவந்தது; இன்று அதன் மிகப் பெரிய வர்த்தகப் பங்காளி சீனா. ஒரு சந்தையை இழந்து மற்றொன்றைக் கட்டியெழுப்பப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

எல்லாப் பொருளும் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை. 2020 மே மாதத்தில் சீனா ஆஸ்திரேலிய பார்லிமீது மொத்தம் 80.5 விழுக்காட்டுத் தீர்வை விதித்தபோது, அந்தத் தானியம் விரைவிலேயே சவூதி அரேபியா போன்ற வேறு சந்தைகளுக்குச் சென்றது. எங்கும் ஒரே தரத்தில் விற்கும் சரக்கு எளிதில் திசை மாறும். ஒரு குறிப்பிட்ட ஆலைக்கென்றே செய்யப்படும் உதிரிபாகம் அவ்வாறு மாறாது.

சலுகையைப் பெறுவதற்கான நிபந்தனைகளையும் படியுங்கள். ஆசியான் வட்டாரத்துக்குள் பல பொருள்கள் சலுகை பெற, அவற்றின் மதிப்பில் குறைந்தது 40 விழுக்காடு இவ்வட்டாரத்தில் உருவாகியிருக்க வேண்டும். அதை நிறுவும் ஆவணச் செலவு தீர்வை இடைவெளியைவிட அதிகமானால், நிறுவனங்கள் சலுகையைக் கோராமலேயே விட்டுவிடும்.

பிறகு புள்ளிவிவரத்தைச் சரிபாருங்கள். 2018இல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது தீர்வை விதிக்கத் தொடங்கியது. 2023இல் மெக்சிகோ சீனாவை முந்தி, அமெரிக்காவுக்கு மிக அதிகமாகப் பொருள்களை விற்கும் நாடாயிற்று. அதே காலத்தில் மெக்சிகோவும் வியட்னாமும் சீனாவிலிருந்து எவற்றை வாங்கின என்று பார்க்காமல், சீனா அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. சிங்கப்பூரின் எண்களைப் படிக்கும்போதும் உள்நாட்டு ஏற்றுமதியையும், வெளிநாட்டிலிருந்து வந்து மீண்டும் அனுப்பப்படும் மறு ஏற்றுமதியையும் பிரித்தே பாருங்கள்.

கடைசியாக, போட்டியாளர்களின் விகிதத்தை அருகில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவுடன் 2004 முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருந்தும், 2025 ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பொருள்கள்மீது அந்நாட்டில் 10 விழுக்காட்டுத் தீர்வை விதிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை நம்பித் தொழில் நடத்தியவர்களுக்கு அது கடுமையான அடி. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மலேசியாவுக்கு 19, வியட்னாமுக்கு 20 விழுக்காடு என்று நடப்புக்கு வந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான், இங்குள்ள ஏற்றுமதியாளர் எவரைவிடப் பின்தங்கினார், எவரைவிட முன்னே நின்றார் என்று கணக்கிட முடியும். இவ்விகிதங்கள் அடிக்கடி மாறுவதால், எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதையும் கணக்கின் பக்கத்தில் எழுதிவையுங்கள்.