சிரிஞ்சில் தங்கிவிடும் ஏடு

பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் புதிதாக வரும் செவிலியர்கள், பத்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். கை கழுவுவது, பெயர்ப்பட்டை பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏட்டைக் குப்பையில் போடுவது

தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. பீச்சி எடுத்த பாலை அசையாமல் வைத்தால் அந்தக் கொழுப்பு ஏடாக மேலே மிதக்கும்.

எனக்கு முதலில் கொடுத்தது 1,300 கிராம் குழந்தை. சிரிஞ்சை மெதுவாகத் தள்ளிக் கொடுக்கும் சிரிஞ்ச் பம்பில், முனையைக் கீழே சாய்த்து வைத்து, வயிற்றுக்குப் போகும் டியூப் வழியாகப் பால் விட்டேன். தண்ணீரான பால் முதலில் போய்விடும்; மஞ்சள் ஏடு சிரிஞ்சின் பின்பக்கமும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே குப்பையில் போட்டேன். சார்ட்டில் பால் அளவு சரியாக இருந்தது, எடை மட்டும் ஏறவில்லை. “சிஸ்டர், என் பால்ல சத்தே இல்லையா?” என்று அந்த அம்மா அழுதார். “போகப் போக ஏறும்மா” என்றேன். நான்காம் நாள் மூத்த செவிலியர் ஒருவர், நான் கழற்றிய சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

போன வாரமும் ஒரு பம்பில் முனை கீழே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வருவதே இதனால்தான்: தவறு நம்முடையது, பழி தாயின் பாலுக்கு.

பாலை எடுக்கும் முன் மெதுவாகச் சுழற்றிக் கலக்குங்கள். முனை மேலே பார்க்கட்டும், ஏடு முதலில் போகும். குழாய் குட்டையாக இருக்கட்டும். டாக்டர் சரி என்றால் பம்பை விட்டு, சிறிது சிறிதாகத் தானே இறங்கும்படி கொடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் மார்பு மாற்றுவது

குடிக்கக் குடிக்கத்தான் பாலில் கொழுப்பு கூடும். குழந்தை தானாக விடட்டும், அப்புறம் அடுத்த பக்கம்.

பிறந்ததும் குளிப்பாட்டுவது

பச்சிளங்குழந்தை நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாக இருக்கிறது. குளிர்ந்தால் ஆக்சிஜனும் சர்க்கரையும் சேர்ந்து செலவாகும். குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பு இருப்பே குறைவு. 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு.

பீச்சிய பாலைக் காய்ச்சுவது

வேண்டாம். கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் என்ற நொதி போய்விடும்.

தாய்க்கு நெய்யாக ஊட்டுவது

கர்ப்பத்தில் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பும் பாலுக்குப் போகிறது. நெய்யால் பாலின் கொழுப்பு அளவு பெரிதாக ஏறிவிடாது; சாப்பாட்டைப் பொறுத்துக் கொழுப்பின் வகைதான் மாறும். மீன் சாப்பிடுகிறவர் என்றால் பத்தியத்தில் மத்திக் குழம்பு சேருங்கள், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய டிஹெச்ஏ என்ற கொழுப்பு பாலில் கூடும்.