பழைய வரலாறு, அறிவியல் இதழ் வாங்கும்போது

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளுக்குப் போனால், அட்டைப்படத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் இதழின் முதுகைப் பாருங்கள். ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்திருந்தால் நடுப்பக்கங்கள் சீக்கிரம் கழன்றுவிடும். பிறகு கட்டைவிரலால் பக்கங்களை விர்ரென்று ஓட்டிவிடுங்கள். எங்காவது தடித்து நின்றால் வாங்க வேண்டாம். பளபளப்புத் தாளில் களிமண் பூச்சு இருக்கும். நனைந்து காய்ந்தால் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் எழுத்தும் படமும் சேர்ந்து உரிந்து வரும்.

வரலாற்று இதழ் பழசானாலும் பெரும்பாலும் உதவும். அறிவியலுக்குத் தேதி முக்கியம். 2006 ஆகஸ்டுக்கு முந்தைய இதழில் புளூட்டோ ஒன்பதாவது கோள்தான். 2012 ஜூலைக்கு முந்தையதில் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகள் வெறும் கணிப்பு. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், என்னைக் கேட்டால் இவைதான் சுவாரசியம். பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால், பின்னால் என்ன தெரியவந்தது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகிவிடுங்கள். பேனாவால் இதழிலேயே கிறுக்க வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். ஓரிரு நாள் மின்விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். பிறகு மூடியுள்ள பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் மாற்ற வேண்டியதுதான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மழைக்காலத்தில் சுவர் ஈரம் தாளுக்கு ஏறும், பின்னாலேயே இராமபாணப் பூச்சியும் வரும்.