கோலம் கேட்டால் ரங்கோலி வருகிறதா? ஏஐ படத்துக்கு ப்ராம்ப்ட் எழுதுவோர் செய்யும் தவறுகள்

மார்கழி விடியலில் எங்கள் ஆச்சி வாசலில் குனிந்து நின்று கோலம் போடும் காட்சியைப் படமாக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். "மனதை உருக்கும், பாரம்பரியம் மிக்க, மிக அழகான மார்கழிக் கோலக் காட்சி" என்று ஏஐ செயலியில் ப்ராம்ப்ட், அதாவது எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று சொல்லும் குறிப்பு, எழுதினேன். வந்த படத்தில் பட்டுப்புடவை கட்டிய இளம்பெண் ஒருத்தி பளிங்குத் தரையில் அமர்ந்திருந்தாள். முன்னால் பல வண்ணப் பொடிகளில் ரங்கோலி, சுற்றிலும் அகல்விளக்குகள். மார்கழி கேட்டவனுக்குத் தீபாவளி வந்தது.

செயலியைக் குறை சொல்ல முடியாது. மூதாட்டி என்ற சொல்லையே நான் எழுதவில்லை. அவர் என் நினைவில் மட்டுமே இருந்தார்.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்: கண்ணுக்குத் தெரிவதை எழுதாமல் மனதில் தோன்றுவதை எழுதுவது. இந்தச் செயலிகள் படத்தையும் அதன் விளக்க வரியையும் ஜோடி ஜோடியாகப் பார்த்துக் கற்றவை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ மாடலின் முதல் பதிப்புகள் லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளைப் பார்த்துக் கற்றன; முழுத் தொகுப்பில் 585 கோடி ஜோடிகள் உண்டு. அத்தனை படங்களில் "அழகான" என்ற சொல் கல்யாணத்துக்கும் ஒட்டும், கடற்கரைக்கும் ஒட்டும், சமையலறைக்கும் ஒட்டும். எதையும் குறிப்பாகச் சுட்டாத சொல் படத்தை நாம் நினைத்த பக்கம் திருப்பாது.

நம் அகத்திணை இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது, அங்குள்ள மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள், உணர்ச்சி உரிப்பொருள். ப்ராம்ப்ட் எழுதும்போது முதலும் கருவும் போதும். நான் திருத்தி எழுதியது இது:

"எழுபது வயது மூதாட்டி, வெளுத்த நூல் புடவை, நரைத்த கொண்டை, இடுப்பை வளைத்துக் குனிந்திருக்கிறார். விரல் இடுக்கிலிருந்து அரிசி மாவு மெல்லிய கோடாக விழுகிறது. சாணம் தெளித்த ஈர மண் தரை. வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் வெள்ளைக் கோடு. விடியலுக்கு முந்தைய நீல வெளிச்சம், பனி. பின்னால் ஓட்டு வீட்டுத் திண்ணை, மரத்தூண். தெருவிலிருந்து இடுப்பு உயரத்தில் எடுத்த புகைப்படம்."

உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "கோலம்" என்று பெயர் சொல்லி நிறுத்தாமல் அதன் உருவத்தைச் சொல்லியிருக்கிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர் செயலிக்கு அரைகுறையாகவே தெரிந்திருக்கலாம். "இந்தியக் கோயில்" என்றால் வடநாட்டுச் சிகரம் வந்து நிற்கலாம். அடுக்கடுக்காக மேலே குறுகிச் செல்லும், வண்ணச் சுதைச் சிற்பங்கள் நிறைந்த வாயிற்கோபுரம் என்று எழுதினால் நம் ஊர்க் கோபுரம் கிடைக்கும்.

"வண்ணப் பொடி வேண்டாம்" என்று எழுதுவது அடுத்த தவறு. பல மாடல்கள் "வண்ணப் பொடி"யைப் பிடித்துக்கொண்டு "வேண்டாம்" என்பதை விட்டுவிடும். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றை எழுதத் தனிப்பெட்டியே இருக்கிறது. அது இல்லாத இடத்தில் "வெள்ளை மாவு மட்டும்" என்று வேண்டியதைச் சொல்லுங்கள்.

நீளமும் சிக்கல்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகள் ஒரு முறைக்கு 77 டோக்கன்களைத்தான் படிக்கும். டோக்கன் என்பது சொல்லின் துண்டு. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டில் முடியும். தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறும், பொருளும் பிடிபடாது. அந்தப் பதிப்புகளுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் தமிழிலேயே கேட்கலாம். எதுவானாலும் முக்கியமானதை முதலில் எழுதுங்கள். "8கே, மாஸ்டர்பீஸ்" என்று அடுக்குவதால் படத்தின் அளவு ஒரு பிக்சல்கூடக் கூடாது. அதைத் தீர்மானிப்பது செட்டிங்ஸ்.

ஒரே படத்தில் பச்சைப் புடவை, சிவப்புக் குடம், மஞ்சள் சுவர் என்று குவித்தால் நிறங்கள் இடம் மாறிவிடலாம். ஆட்களையும் பொருள்களையும் குறைத்துக்கொள்ளுங்கள். வாழும் ஓவியரின் பெயரைப் போட்டு அவர் பாணியில் கேட்பதை நான் ஏற்பதில்லை. அது அவர் உழைப்பு. நீர்வண்ணம், கரிக்கோல், தஞ்சாவூர் ஓவியப் பாணி என்று ஊடகத்தையோ மரபையோ சொல்லலாம். வாழ்த்து வரிகளைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொன்னால் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி வரக்கூடும். மேலே வெற்றிடம் விடச் சொல்லி, எழுத்தைப் பிறகு நீங்களே சேர்ப்பது பாதுகாப்பானது.

படம் சரியில்லை என்றால் முழு ப்ராம்ப்டையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள். ஸீடு எண்ணை (படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்று குறிக்கும் எண்) மாற்றாமல் வைத்து ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால், எந்தச் சொல் என்ன செய்கிறது என்று தெரியும்.

அத்தனை திருத்தத்துக்குப் பிறகும் என் படத்தில் கோலக் கோடு பாதியில் அறுந்திருந்தது, புள்ளிகள் வரிசை தப்பியிருந்தன. ஆறேழு முறை சொற்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பிறகு அம்மா தாளில் ஏழு புள்ளி, ஏழு வரிசை வைத்துச் சிக்குக் கோலம் ஒன்று போட்டுத் தந்தார். அதைப் படமெடுத்து, ப்ராம்ப்டுடன் மாதிரிப் படமாக இணைத்தேன்.