கடலுக்கு மேல் பறக்க எரிபொருள் கணக்கு

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து வடகிழக்கே 120 கடல் மைலில் ஒரு எண்ணெய் ரிக், அங்கே ஹெலிகாப்டரில் போய் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரிக்கின் இறங்குதளமான டெக்கிலேயே எரிபொருள் கிடைக்கும் என்பார்கள். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். பம்ப் பழுதாகியிருக்கலாம், மாதிரி எடுத்தால் அடியில் தண்ணீர் நிற்கலாம். வரும் வழிக்கும் சேர்த்து இங்கேயே ஏற்றிவிடுங்கள்.

ஹெலிகாப்டர் மணிக்கு 400 கிலோ குடிக்கிறது, வேகம் 140 நாட், அதாவது மணிக்கு 140 கடல் மைல். டிசம்பர் மாதம், போகையில் எதிர்காற்று 20 நாட். போக ஒரு மணி நேரம், 400 கிலோ. வர 45 நிமிடம், 300. ஸ்டார்ட் செய்து டாக்ஸி போக 40. டெக்கில் ரோட்டர் சுற்றியபடி நிற்கும் 10 நிமிடத்துக்கு 50. எதிர்பாராத செலவுக்குப் பயண எரிபொருளில் 10 விழுக்காடு, 70. சிலேத்தாரில் இறங்க முடியாமல் போனால் ஜொகூரின் செனாய் விமான நிலையத்துக்குப் போக 80. கடைசியாக, கை வைக்கக்கூடாத 30 நிமிட இருப்பு 200. ஆக 1,140 கிலோ.

பவுசர் என்ற எரிபொருள் லாரி ஊற்றுவது லிட்டரில். அடர்த்தி லிட்டருக்கு 0.80 கிலோ என்று நினைத்துக் காலி டாங்கில் 1,425 லிட்டர் ஊற்றுகிறீர்கள். வெயிலில் கிடந்த எரிபொருள் 0.78தான் என்றால் உள்ளே இருப்பது 1,112 கிலோ. நாலு நிமிடப் பறப்பு காணாமல் போயிற்று. பவுசர் சீட்டைப் பார்க்காமல் டாங்கின் கேஜைப் பாருங்கள்.

அடுத்து, திரும்ப முடியாத புள்ளி, அதாவது தாண்டினால் சிலேத்தாருக்குத் திரும்ப எரிபொருள் போதாத இடம். எதிர்க்கிற காற்று வரும்போது தள்ளிவிடும், சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, எதிர்காற்றில்தான் அதிக நேரம் கழிகிறது. இருப்பு, செனாய், 10 விழுக்காடு, டாக்ஸி எல்லாம் போக மிஞ்சும் 750 கிலோ 112.5 நிமிடத்துக்கு வரும். அதைத் திரும்பும் தரைவேகத்தால் (காற்றின் விளைவையும் சேர்த்த வேகம்) பெருக்கி, இரண்டு தரைவேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எத்தனை நிமிடம் போகலாம் என்று தெரியும். காற்றே இல்லையென்றால் புள்ளி 131 மைலில். 20 நாட்டில் 128.6. 40 நாட்டில் 120.5, அதாவது ரிக்கைத் தாண்டி அரை மைல். டெக் மறைந்திருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கக்கூட மீதியில்லை.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை கவலை வேறு. சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து இடிமேக வரிசையாக வரும். சிலேத்தாரை மூடும் அதே வரிசை சாங்கியையும் மூடும், ஆகவே சாங்கியை மாற்றுத் தளமாக எழுதிவைப்பது வெறும் காகித வேலை. வடமேற்கே இருக்கும் செனாயில் முதலில் வெளுக்க வாய்ப்புண்டு. அந்த வரிசை கடந்துபோகக் காத்திருக்க இன்னும் 200 கிலோ ஏற்றுங்கள்.

அதற்கு விலை உண்டு. உச்ச எடை 6,800, விமானிகளோடு வெற்று எடை 4,700 என்றால் 1,140 கிலோ ஏற்றியபின் 960 மிஞ்சும், பையோடு ஆளுக்கு 100 வீதம் ஒன்பது பேர். கூடுதல் 200 ஏற்றினால் ஏழு பேர்தான். இரண்டு பேரை இறக்கிவிடுவது சங்கடம்தான், இருந்தாலும் அந்தப் பேச்சைத் தரையிலேயே முடித்துவிடுங்கள்.

அந்தக் கூடுதலை ஏற்றாத நாளில் டெக்கை விட்டு எழும்போது கேஜ் 650 காட்ட வேண்டும். 600 என்றால் 10 விழுக்காட்டில் பெரும்பகுதி போய்விட்டது. இனி எந்தத் தாமதமும் கடைசி இருப்பைத் தொடும் என்ற நிலையில் விமானக் கட்டுப்பாட்டாளரிடம் 'மினிமம் ஃப்யூவல்' சொல்லுங்கள். இருப்பைத் தொட்டுத்தான் இறங்குவோம் என்று தெரிந்த கணத்தில் 'மேடே ஃப்யூவல்' என்ற அவசர அழைப்பு.