டாங்கி எதிர்ப்பு ஆயுதப் படங்களை மாணவர்க்கு விளக்கும் முறை

திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் உலகப் போர்ப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். காலாட்படை வீரன் டாங்கியை எதிர்த்து நின்ற தொடக்ககால ஆயுதங்களின் படங்களைக் காட்டும்போது, பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லாமல், இரும்புத் தகட்டைத் துளைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

நீண்ட குழலுள்ள துப்பாக்கி என்றால், விடை வேகம். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் பிரிட்டனின் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. 1918இல் ஜெர்மானியர் 13.2 மில்லிமீட்டர் மௌசர் துப்பாக்கியோடு எதிர்கொண்டனர். பனந்தடியில் அடிக்கும் ஆணியைப் போல, எஃகு உள்ளீடு கொண்ட அந்தக் குண்டு விசை உள்ளவரைதான் உள்ளே இறங்கும். தகடு தடிக்கத் தடிக்க மருந்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பின்னுதைப்பு சுடுபவனின் தோளையே தாக்கும். பிரிட்டனின் பாய்ஸ் துப்பாக்கி ஏறத்தாழ 16 கிலோ எடையிருந்தும், 1940களின் தடித்த தகடுகளின்முன் பயனற்றுப் போனது.

அடுத்து, தலை பருத்த குண்டுகளின் படம். இங்கே நிதானமாக நில்லுங்கள், ஏனெனில் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நயினார்குளத்தில் ஒரு கல்லைப் போட்டால் நீர் குழிந்து, குழியின் சுவர்கள் நடுவில் மோதி, மெல்லிய நீர்த்தூண் மேலெழுவதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். குண்டின் வெடிமருந்தில் உள்ள கூம்புக் குழிக்கு உலோகத் தகடு வேய்ந்திருப்பார்கள். வெடிக்கும்போது அத்தகடு நடுவில் நசுங்கி, வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் தாரையாகப் பாயும். அந்தத் தாரை டாங்கியின் தகட்டை உருக்குகிறது என்று சொல்வது தவறு. அழுத்தத்தால் ஒதுக்கித் துளைக்கிறது. எனவே குண்டு மெதுவாகப் பறந்து வந்தாலும் போதும்.

பிறகு, குண்டு எப்படிக் கிளம்புகிறது என்று கேளுங்கள். 1942இல் வந்த அமெரிக்க பசூக்கா, இருபுறமும் திறந்த குழலில் ராக்கெட்டை ஏவியது. ஜெர்மானிய பான்சர்ஃபாஸ்ட் வெடிப்புவாயுவைப் பின்பக்கம் கக்கிப் பின்னுதைப்பைத் தவிர்த்தது. பிரிட்டனின் பியாட்டில், வலிய சுருள்வில் ஒரு தண்டைத் தள்ளிக் குண்டின் வாலிலுள்ள மருந்தைப் பற்றவைத்தது. 1944 ஜூன் 12 அன்று மணிப்பூரில், மணிக்கட்டு முறிந்த நிலையிலும் தவழ்ந்து நெருங்கி, கூர்க்கா வீரர் கஞ்சு லாமா இரண்டு ஜப்பானிய டாங்கிகளை அழித்தது இந்த பியாட்டால்தான்; அதற்காக பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார்.

கடைசியாக, சிறிய அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியே சுட வேண்டுமானால் இம்மூன்றில் எதை எடுப்பாய் என்று கேளுங்கள். பின்னால் தீ கக்காத பியாட்டை என்று ஒரு மாணவி சொல்லிவிட்டால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.