நாய்க்குட்டியை வெளியே மலசலம் கழிக்கப் பழக்கும் முறை

தாயை விட்டு வரும் வயதான எட்டு வாரமளவில், எந்தத் தரையில் கால் பட்டால் சிறுநீர் கழிக்கலாம் என்பதை நாய்க்குட்டி மனத்தில் பதிக்கத் தொடங்கிவிடுகிறது. வளவு மணலில் தவழ்ந்த குட்டி மணலைத் தேடும். சாக்கு விரித்த மூலையில் அடைத்து வளர்க்கப்பட்ட குட்டி உங்கள் வீட்டுக் கால்மிதியைத் தேடும். ஆகவே, குட்டியைக் கூட்டி வருமுன்னரே அதற்குரிய இடத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். பழக்கம் பிசகும் வீடுகள் பலவற்றில் குறை குட்டியிடம் இருப்பதில்லை, இடத்திலேயே இருக்கிறது.

கோடையில் எந்த மூலையும் பொருந்தும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கிய பின்னரே தேர்ந்த இடத்தின் தரம் தெரியும். இலங்கையின் கிழக்கே கல்லடி, களுவாஞ்சிகுடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற கடற்கரையோர ஊர்களில் மணல் நீரை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயல் சார்ந்த களிமண் வளவுகளில் நீர் நாட்கணக்கில் தேங்கி நிற்கும். நனைந்த தரையில் வயிறு படுவதைக் குட்டிகள் வெறுக்கும். கோடை முழுவதும் ஒழுங்காக வெளியே சென்ற குட்டி, முதல் அடைமழையோடு விறாந்தையிலேயே காரியத்தை முடிப்பது இதனாற்றான். எனவே வளவின் மேட்டுப் பக்கத்தில், கூரைத் தாழ்வாரமோ மரநிழலோ உள்ள ஓரிடத்தைத் தெரிவுசெய்யுங்கள். களிமண் வளவாயின் இரண்டு மூன்று வண்டில் மணலை அங்கே கொட்டி உயர்த்திவிடுவது செலவுக்குத் தகுந்த வேலை.

கிணற்றடியையும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தையும் விட்டு அந்த இடம் தள்ளியிருக்க வேண்டும். கரையோர மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் ஆழமின்றியே கிடைக்கிறது. மேலே விழும் அழுக்கு கிணற்றைச் சென்றடைய வெகுதூரம் போக வேண்டியதில்லை. குட்டியின் மலத்தோடு வெளியேறும் கொக்கிப்புழு முட்டைகள் ஈரமணலில் பொரித்து, அவற்றின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்செல்லும் என்பதால், மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிடுவதும், மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி பூச்சி மருந்தை ஒழுங்காகக் கொடுப்பதும் இந்தப் பழக்கத்தோடு சேர்ந்தவையே. தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டு முடியும்வரை ஒழுங்கைக்கோ கடற்கரைக்கோ கொண்டுசெல்லாதீர்கள்; தெருநாய்கள் கழித்த மண்ணில், குட்டிகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பார்வோ வைரசு மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும்.

இடம் அமைந்த பின் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மாதக் கணக்கில் குட்டியின் வயது எத்தனையோ, அதனோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணித்தியாலம்தான் விழித்திருக்கும் குட்டி அடக்கக்கூடிய உச்ச எல்லை. இரண்டு மாதக் குட்டிக்கு அது மூன்று மணித்தியாலம். எல்லைவரை காத்திருப்பது புத்திசாலித்தனமன்று. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டுச் சிறிது நேரத்தில், ஓடியாடி விளையாடி ஓய்ந்தவுடன் என ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்லுங்கள். உணவை நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து நேரந்தவறாமல் வைத்தால் மலம் கழிக்கும் நேரமும் தானாகவே ஒழுங்குக்கு வரும். குட்டி மெலிந்திருக்கிறதே என்று இரங்கிப் பால்மா கரைத்து வைப்பது நம்மவர் வழக்கம். அது பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும், வயிற்றோட்டமுள்ள குட்டியை எவராலும் பழக்க முடியாது.

வெளியே கொண்டுசென்றதும் குட்டியைக் கயிற்றில் பிடித்தபடி ஒரே இடத்தில் பேசாமல் நில்லுங்கள். அது முதலில் காகத்தைப் பார்க்கும், காய்ந்த இலையைக் கடிக்கும். பின்னர் மூக்கை நிலத்தோடு வைத்து, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, பின்கால்களைத் தாழ்த்தும். அந்த வேளையில் ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். ‘போயிட்டு வா’ என்பதுகூடப் போதும், ஆனால் அம்மம்மா முதல் கடைக்குட்டிப் பிள்ளை வரை வீட்டிலுள்ள எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். முடித்த கணமே, அங்கேயே நின்று பாராட்டி, அவித்த மீனில் ஒரு சிறு துண்டைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பின் கொடுத்தால், உள்ளே ஓடிவந்ததற்கான பரிசாகவே குட்டி அதை எடுத்துக்கொள்ளும். முதல் முறை கழித்தவுடன் தூக்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பாதியைக் கழித்துவிட்டுக் கவனம் சிதறி, மீதியை வீட்டுக்குள் வந்து கழிப்பது குட்டிகளின் வழக்கம்.

வீட்டினுள் குட்டி உங்கள் கண்ணெதிரே இருக்கட்டும். அது முடியாத நேரத்தில், நின்று திரும்பிப் படுக்கும் அளவேயான கூட்டில் இருக்கட்டும். படுக்குமிடத்தை நனைக்க நாய் விரும்பாது. கூடு பெரிதானால் ஒரு பக்கம் படுக்கையாகவும் மறுபக்கம் கழிப்பிடமாகவும் மாறிவிடும். சுவாமி அறையின் கதவும் குசினிக் கதவும் சில மாதங்களுக்குச் சாத்தியே இருக்கட்டும்.

உள்ளே கழிப்பதை நேரில் கண்டால், ஒருமுறை கைதட்டி நிறுத்தி, தூக்கி வெளியே கொண்டுபோய் மீதியை அங்கே முடிக்க விடுங்கள். பின்னர் கண்டால் துடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. மூக்கை அதில் தேய்த்து அடிக்கும் பழைய வழக்கத்தால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே: மனிதர் முன்னிலையில் கழித்தால் அடி விழும். அதன்பின் அது அலுமாரிக்குப் பின்னால் சென்று இரகசியமாகக் கழிக்கும். வெளியே நீங்கள் கயிற்றோடு காத்து நின்றாலும் அடக்கிக்கொள்ளும்.

துடைக்கும்போது மணம் முற்றாக நீங்க வேண்டும். மெருகிடாத சீமெந்துத் தரை சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், முதலில் பழைய சாரத்துண்டால் ஒற்றியெடுத்து, வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து ஊற்றிச் சிறிது நேரம் விட்டு, தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுங்கள். அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் மணத்தையே ஒத்திருப்பதால் குட்டியை அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும். வெளிற்றும் திரவத்தைச் சிறுநீரின் மேலோ வினாகிரியுடனோ கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். ஒற்றியெடுத்த துணியை வீசிவிடாமல் கழிப்பிட மணலில் கொண்டுபோய்ப் போடுங்கள். மழை அந்த இடத்தின் மணத்தைக் கழுவிவிடும் நாட்களில் இது பெரிதும் உதவும்.

இரவில், படுக்கப் போகுமுன் கடைசியாக ஒருமுறையும், சிறு குட்டியாயின் நடுச்சாமத்தில் ஒருமுறையும் எழ வேண்டியிருக்கும். விளையாட்டுக் காட்டாமல், பேச்சுக் கொடுக்காமல் கொண்டுபோய்த் திரும்புங்கள். வயலை அண்டிய வளவுகளில் பாம்பு நடமாட்டம் உண்டென்பதால் டோர்ச் வெளிச்சம் இல்லாமல் இறங்காதீர்கள். நீர்ப் பாத்திரத்தைப் படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன் எடுத்துவைக்கலாம். பகலில், அதுவும் கச்சான் காற்று அனலாய் வீசும் நாட்களில், ஒருபோதும் நீரை மறிக்கக்கூடாது.

தொடர்ந்து சில வாரங்கள் உள்ளே கழிக்காதிருந்தால் அறை அறையாகச் சுதந்திரம் கொடுங்கள். மீண்டும் தவறினால் ஓர் அறையைக் குறைத்துக்கொண்டால் போதும். விருந்தினர் வந்ததும் மகிழ்ச்சியிலோ பயத்திலோ சொட்டுச் சொட்டாகக் கழிப்பது பழக்கக் குறைவன்று. வளர வளர அது பெரும்பாலும் நின்றுவிடும். நன்கு பழகிய குட்டி திடீரென அடிக்கடி சிறிதளவாகக் கழித்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கக்கூடும். அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.